தோட்டாவை வீட்டில் நிரப்பலாமா?

கேள்வி: கல்முனைக்குடியில் இருந்து எழுதுகிறேன். பாடசாலையில் கடெட்டில் இருந்த காலத்தில் .22 துவக்கால் சுட்டுப் பழகினேன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. எனது ராத்தாவின் மாப்பிள்ளை மெல்பேர்னில் இருக்கிறார். அங்கே ஒரு கழகத்தில் சேர்ந்து .308 துவக்கால் இலக்குச் சுடுகிறார். சுட்ட கோதுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் வைத்து அவரே பிரைமர் அடித்து, மருந்து போட்டு, குண்டு பொருத்தித் திரும்பப் பாவிக்கிறார். கடைத் தோட்டாவைவிட இதுதான் நேராகப் போகும், செலவும் குறைவு என்கிறார். வட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் வீடியோக்களைப் பார்க்கப் பார்க்க எனக்கும் கை துறுதுறுக்கிறது.

வாப்பாவிடம் வயல் காவலுக்காக லைசன் எடுத்த 12 போர் துவக்கு ஒன்று இருக்கிறது. அதற்குத் தோட்டா வாங்குவதும் இப்போது லேசான செலவில்லை. மச்சான் பெருநாளைக்கு வரும்போது தேவையான சாமான்களைக் கொண்டு வரச் சொல்லலாமா? முதலில் எதை வாங்க வேண்டும்? இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் நான் நல்ல சூட்டுக்காரனாக வரமுடியுமா?

— வாசகர், கல்முனைக்குடி

பதில்: தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் உங்கள் வீட்டில் தோட்டா நிரப்ப வேண்டாம். மச்சான் எந்தச் சாமானும் கொண்டு வரவும் வேண்டாம். ஞாபகத்துக்கென்று ஒரு வெற்றுக் கோதைக்கூடப் பெட்டியில் போடக் கூடாது என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லுங்கள். சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோகும் பையிலேயே உடுப்பை அடுக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். பையின் மூலையில் கிடந்த ஒரு கோது போதும், விமான நிலையத்தில் அவரை நிறுத்தி வைத்து விசாரிக்க.

காரணத்தையும் சொல்ல வேண்டும், வெறும் ‘வேண்டாம்’ உங்கள் வயதில் யாருக்கும் போதாது. நம் நாட்டில் துவக்கு வைத்திருப்பதை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். வெடிமருந்தை ஆள்வது 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருள் சட்டம். இரண்டும் தனித்தனி. வாப்பா வருடக் கடைசியில் புதுப்பிக்கிறாரே, அந்த அனுமதிப்பத்திரம் அந்த ஒரு துவக்கை வைத்திருக்கத் தந்த அனுமதி மட்டுந்தான். தோட்டா செய்வதற்கான அனுமதி அதற்குள் அடங்காது. மருந்தும் பிரைமரும் வெடிபொருள். அவற்றை அனுமதியில்லாமல் கொண்டு வருவது, வைத்திருப்பது, நிரப்புவது எல்லாமே குற்றம். மெல்பேர்னில் உரிமம் உள்ள ஒருவர் மருந்தையும் பிரைமரையும் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வரலாம். மச்சான் செய்வது அங்கே பிழையில்லாத காரியம், மதிப்பான கலையும்கூட. அதே காரியம் இங்கே உங்களைக் கூண்டில் ஏற்றும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 26 அன்று, ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பின், சாய்ந்தமருது வீடொன்றில் நடந்த சுற்றிவளைப்பையும் குண்டுவெடிப்பையும் நீங்கள் என்னைவிடக் கிட்ட இருந்து அறிந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு கரையோரத்தில் வீடு வீடாக நடந்த சோதனைகளையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்து வீடொன்றின் கராஜில் ஒரு டப்பா மருந்தும் சில நூறு பிரைமரும் அகப்பட்டால், இது விளையாட்டுக்கு வைத்தது என்று நீங்கள் சொல்வதைக் கேட்க அந்த இடத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. சாதாரண வெடிபொருள் வழக்கோடு அது நிற்காமலும் போகலாம். உம்மாவும் வாப்பாவும் பொலிஸுக்கும் கோட்டுக்கும் அலையும்படி ஒரு பொழுதுபோக்கு இருக்கக் கூடாது, தம்பி.

வாப்பாவின் துவக்கை இந்தப் பேச்சிலிருந்து முற்றாக விலக்கி வையுங்கள். அது அவர் பெயரில், பயிரைக் காக்கத் தந்தது. குழலுக்குள் புரி இல்லாத துவக்கு அது. சிதறிப் போகும் ஈயச் சன்னங்களை எறிகிற கருவியில் நேர்த்தியான தோட்டாவால் இலக்குச் சுடும் கதையே இல்லை. செலவை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் கோதில் கைக்குக் கிடைத்ததை அடைத்துப் பார்க்கும் பேச்சை வயல் வாடிகளில் கேட்டிருப்பீர்கள். துவக்கை ஏந்தியிருக்கும் இடது கை குழலைப் பிடித்திருக்கும், கன்னம் பின்தடியில் படிந்திருக்கும், கண் அதற்குச் சற்று மேலே இருக்கும். அப்படி அடைத்ததால் தோட்டா இருக்கும் அறை வெடித்தால் முதலில் போவது இந்த மூன்றும். வாடியில் பல வருடம் கிடந்து ஈரம் குடித்து, பித்தளை அடி பச்சைப் பூத்த தோட்டாக்கள் இருந்தால், அவற்றைச் சுட்டுத் தீர்க்கவும் வேண்டாம், உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். பொலிஸிடம் ஒப்படைப்பது எப்படி என்று வாப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். வயலிலோ கடற்கரையிலோ யுத்த காலத்து ரவை எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல் 119 க்குச் சொல்லுங்கள்.

சரி, மச்சான் செய்வது என்ன, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் ஒரு குற்றமும் இல்லை. இலக்குச் சுடுகிற எவரும் தன் தோட்டாவுக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும் என்பேன்.

ஒரு தோட்டா நான்கு சாமான்: பித்தளைக் கோது, அதன் அடியில் தீமூட்டும் பிரைமர், உள்ளே புகையில்லா மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது கோது. நான்கிலும் விலை கூடியது பெரும்பாலும் அதுதான். அதனால்தான் மச்சான் பொறுக்கி எடுக்கிறார். வெடிக்கும்போது கோது ஊதி அறையின் சுவரோடு ஒட்டும், பிறகு கொஞ்சம் சுருங்கும். பழைய அளவுக்கு முழுக்கத் திரும்பாது. ஆகவே எண்ணெய் பூசி, எஃகு அச்சான டைக்குள் நெருக்கி, பிரஸ் என்ற அழுத்து கருவியின் பிடியை இழுத்து அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவருகிறார். அதே இழுப்பில் டையின் நடு ஊசி செத்த பிரைமரைக் கீழே தள்ளிவிடும். இது பாக்ஸர் வகைப் பிரைமர் உள்ள கோதில்தான் லேசாக நடக்கும், அதில் நடுவே ஒரேயொரு துளை. பெர்டான் வகையில் நடுவைத் தவிர்த்து இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், ஊசி போய் முட்டி முறியும். இராணுவத் தோட்டாக்களில் பல பெர்டான் வகை.

தோட்டாக் கோதின் பித்தளை என்பது ஏறக்குறைய 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்தது. ஊதுவதும் நெருக்குவதுமாக மாறி மாறிப் போனால் அது விறைத்துப்போகும். கழுத்தில் மயிரிழைபோல வெடிப்பு வரும். அதைவிட ஆபத்தானது அடிப்பக்கம். ஒவ்வொரு முறையும் கோது நீளும்போது, அடித்தளத்துக்குச் சற்று மேலே உட்புறம் ஒரு வளையமாக மெலிந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் மின்னுகிற ஒரு கோடு, சில நேரம் அதுவும் தெரியாது. அனுபவசாலிகள் ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கிபோல வளைத்துக் கோதுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுவரோடு உரசி இழுப்பார்கள். பள்ளம் இருந்தால் நுனி அதில் விழுவது விரலுக்குத் தெரியும். அந்தக் கோதைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போட வேண்டும். இன்னும் ஒருமுறை சுடலாம் என்று வைத்தால் அது அறைக்குள் இரண்டாக அறும், வாயு பின்னால் வரும். .308 இல் அறைக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல் அளவில் இருக்கும்.

பித்தளைக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறைந்ததும் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்துவிடுவார்கள். மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் ஒருமுறைகூடச் சுடப்படாத கோதுகள் வாய்ப்பக்கம் வெடித்துக் கிடந்தன. மழைதான் காரணம் என்று நெடுநாள் நினைத்தார்கள். 1921 இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் உண்மையை எடுத்துச் சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, குண்டைப் பற்றுவதற்காக நெருக்கிய இடத்தில் தங்கியிருந்த இழுவிசையோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்திருந்தது. அமோனியா கலந்த பொலிஷால் கோதைப் பளபளக்கத் தேய்க்கக் கூடாது என்று இன்றும் சொல்வது இதனால்தான். மச்சானிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் எதைக்கொண்டு துடைக்கிறார் என்று உடனே போய்ப் பார்ப்பார்.

மருந்து நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம், நிரப்புபவர்கள் அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கிறார்கள். மேலே மின்விசிறி சுழன்றால் தராசு பொய் சொல்லும். எவ்வளவு போடுவது என்பதை வீடியோவில் பார்த்தோ நண்பரைக் கேட்டோ முடிவு செய்வது இந்த வேலையில் மன்னிக்க முடியாத காரியம். மருந்து செய்பவரும் குண்டு செய்பவரும் அச்சிட்டு வெளியிட்ட கைநூல்தான் அளவுகோல். அதில் கண்ட குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் பிரைமரின் முகத்தையும் கோதின் அடியையும் பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஒரு நேரத்தில் மேசையில் ஒரேயொரு மருந்து டப்பா இருக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தும் நீளத் துவக்குக்கான மெதுவான மருந்தும் பார்வைக்கு ஒரே கறுப்புத் துகள்தான்.

மருந்து போட்ட கோதுகளை மரத்தட்டில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துமுன் ஒரு டோர்ச்சை மேலிருந்து அடித்து ஒவ்வொரு வாயையும் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தால் இரண்டு தடவை விழுந்திருக்கிறது. ஒன்று வெறுமையாக இருந்தால் அதுவும் அதே அளவு ஆபத்து. பிரைமரின் உந்தலால் மட்டும் குண்டு குழலுக்குள் நகர்ந்து நடுவில் சிக்கி நிற்கும், சத்தம் சரியில்லையே என்று யோசிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். மச்சானுடைய வீடியோக்களில் இந்த டோர்ச் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரிடம் கேளுங்கள். தம்பி கேட்டான் என்று கோபிக்க மாட்டார்.

இவ்வளவும் எதற்காக? ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் வித்தியாசம் வரக் கூடாது என்பதற்காக. எல்லாம் ஒரே எடை, ஒரே நீளம், ஒரே வேகம். இதைத்தான் நிரப்புபவர் தேடுகிறார். நீங்கள் கடைசியாகக் கேட்டதுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தேடலைக் கற்க மருந்து தேவையில்லை. நீங்கள் போக வேண்டிய பாதையில் மருந்து நிரப்பும் வேலையே வராது.

எண்ணிப் பாருங்கள். இன்று ஒலிம்பிக்கில் ரைபிள் போட்டி இரண்டு தூரத்தில்தான் நடக்கிறது: 10 மீற்றரில் காற்றால் சுடும் எயார் ரைபிள், 50 மீற்றரில் .22. பெரிய தோட்டா பாவிக்கும் 300 மீற்றர் போட்டி 1972 மியூனிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. எயார் ரைபிளில் மருந்தே கிடையாது. .22 தோட்டாவைத் திரும்ப நிரப்ப முடியாது, அதில் தீமூட்டும் கலவை தனியான பிரைமரில் இல்லை, கோதின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. கடெட் முகாமில் நீங்கள் சுட்ட கோதின் விளிம்பில் ஊசி நசுக்கிய தடம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அந்த நசுங்கலோடு அதன் ஆயுள் முடிந்தது. அபினவ் பிந்த்ரா 2008 இல் பீஜிங்கில் வென்ற தங்கமும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 இல் லண்டனில் வென்ற வெண்கலமும் எயார் ரைபிளில் வந்தவை. ஸ்வப்னில் குசாலே 2024 இல் பாரிஸில் வென்ற வெண்கலம் .22 இல் வந்தது. இந்தியாவுக்கு ரைபிளில் கிடைத்த ஒலிம்பிக் பதக்கங்கள் இவ்வளவும்தான். ஒன்றிலும் யாரும் கராஜில் கோது நிரப்பவில்லை.

மச்சான் சுடுகிற தூர இலக்கு வேறு உலகம். அந்த உலகத்திலும்கூட, 1860 இல் விம்பிள்டனில் தொடங்கி 1890 முதல் பிஸ்லியில் நடக்கும், இப்போது அரசர் பரிசு என்றழைக்கப்படும் பெயர்போன ராணி பரிசுப் போட்டியில், எல்லோருக்கும் ஒரேவகைத் தோட்டாவைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வித்தியாசம் ஆளில் தெரியட்டும், தோட்டாவில் தெரிய வேண்டாம் என்பதுதான் அதன் கருத்து. நான் அந்தப் பக்கம்தான்.

அப்படியானால் நீங்கள் எங்கே தொடங்குவது? எயார் ரைபிளின் ஈயக் குண்டான பெல்லட்டில். 10 மீற்றர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், எடை அரைக் கிராமைச் சற்றுத் தாண்டும். அந்தப் புள்ளியை நோக்கி நின்றபடி 75 நிமிடத்தில் 60 பெல்லட் சுட வேண்டும், ஒரு சூட்டுக்கு ஆகக்கூடியது 10.9 புள்ளி. போட்டிப் பெல்லட்டின் டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் போட்டிருக்கும். ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம், அது உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதைச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். டப்பாவில் தொகுதி இலக்கமும் இருக்கும். மருதமுனையில் சாரம் நெய்பவர் ஒரே சாயத்தில் தோய்த்த நூலை ஒரு பாவுக்கென்று ஒதுக்கி வைப்பாரே, சூட்டுக்காரர் தன் குழலுக்குப் பிடித்த தொகுதியை அப்படித்தான் ஒதுக்கி வைப்பார். .22 இலும் இதே கதை. ஏலி, லப்புவா போன்ற கம்பனிகள் துவக்கைக் கொண்டுவரச் சொல்லி, இறுக்கிப் பூட்டி, ஒவ்வொரு தொகுதியாகச் சுட்டுக்காட்டுவதற்கென்றே இடம் வைத்திருக்கின்றன.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன், ஒரு கழகத்தில் சேர்ந்தபின் அங்கே செய்து பாருங்கள். துவக்கை மணல் பையில் தாங்க வைத்து, ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில், ஒவ்வொரு வகைப் பெல்லட்டிலும் பத்துச் சூட்டுக் குரூப் மூன்று சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் சில சூட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், குழல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். குரூப்பின் இரு வெளி ஓரங்களுக்கிடையே வேர்னியரால் அளந்து 4.5 ஐக் கழித்தால் அகலம் கிடைக்கும். ஐந்து சூட்டுக் குரூப்பை நம்பாதீர்கள். அது தற்செயலாக அழகாக விழும், அதை நம்பிக் காசைக் கொட்டுவீர்கள். இரண்டு வகைக்கும் இடையில் அரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம் என்றால் இன்னும் முடிவு கிடைக்கவில்லை என்று அர்த்தம், மலிவானதை எடுங்கள். ஒரு கொப்பி வைத்துத் திகதி, தொகுதி இலக்கம், குரூப்பின் அகலம், அன்றைய வெக்கை எல்லாம் எழுதுங்கள். தோட்டா நிரப்புபவருடைய உண்மையான ஆயுதம் அந்தக் கொப்பிதான். நீங்கள் அதைச் சுடத் தொடங்கும் முதல் நாளிலிருந்தே வைக்கலாம்.

ஈயத்தைப் பற்றி ஒரு சொல். பெல்லட்டை வாயில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அறவே கூடாது. சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பின்தான் சாப்பாடு. பெல்லட் டப்பா சாப்பாட்டு மேசைக்கும் சின்னப் பிள்ளைகளின் கைக்கும் போகக் கூடாது.

கரையோரத்தில் இருப்பவருக்கு உப்புக் காற்று பெரிய எதிரி. சுட்ட அன்றே குழலின் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஸ்பிரிங் எயார் ரைபிளின் காற்றறைக்குள் சாதாரண எண்ணெயை விடாதீர்கள், அழுத்தத்தில் அது தீப்பற்றும். காற்றுச் சிலிண்டர் உள்ள போட்டித் துவக்கு என்றால் சிலிண்டரில் பொறித்த திகதியைப் பாருங்கள், பத்து வருடத்துக்கு மேல் போட்டியில் ஏற்கமாட்டார்கள். பழைய துவக்கு மலிவாக வருகிறது என்று ஆசைப்படும்போது பலர் இதைத்தான் பார்க்க மறக்கிறார்கள். காற்றுத்தானே என்று நினைத்து எதையும் வாங்கிவிட வேண்டாம். உங்களுக்கு என்ன அனுமதி வேண்டும் என்று அம்பாறைக் கச்சேரியில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

இந்த விளையாட்டை நாட்டில் நடத்துவது தேசிய துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனம். முன்னணியில் நிற்பவர்கள் பெரும்பாலும் படைகளின் அணிகளும் கொழும்புப் பக்கத்துப் பாடசாலைகளும். ஆனால் இது நமக்கு எட்டாத விளையாட்டு இல்லை. 1994 இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் மாலினி விக்ரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் எயார் ரைபிள் இணைப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் எடுத்தார்கள். தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் உலகக் கிண்ணத் தங்கம் வென்றதும் இதே எயார் ரைபிளில். இந்த நான்கு பெயர்களும் பெண்களுடையவை என்பதைக் கவனியுங்கள். உடல் பலத்தைவிட அசையாமல் நிற்கும் பொறுமை பேசுகிற விளையாட்டு இது. உங்கள் வீட்டுத் தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

எனக்குள் நெடுநாளாக ஒரு ஆசை உண்டு, உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. 10 மீற்றர் மைதானத்துக்கு மைதானமே வேண்டாம், ஒரு பாடசாலை மண்டபம் போதும். சுடுமிடத்திலிருந்து இலக்குக்குப் பத்து மீற்றர், பின்னால் உறுதியான சுவர், பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, சுடும் பக்கத்தைத் தவிர வேறு வழியால் யாரும் உள்ளே வரமுடியாத கதவு, இலக்கின்மேல் 1500 லக்ஸ் வெளிச்சம். கல்முனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் கடெட்டில் இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் உங்களைப் போலவே ஆசையை மனதில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள். பழைய கடெட் மாஸ்டரையும் அழைத்துக்கொள்ளுங்கள், அதிபர் ஒருவர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. சம்மேளனத்துக்கு எழுதிப் பயிற்றுநர் ஒருவரையும் முறையான அனுமதிகளையும் கேளுங்கள். திறந்த கதவோடு, பதிவேட்டோடு, பொலிஸுக்கும் தெரியப்படுத்தி நடத்துகிற ஒரு மண்டபத்தை நம் ஊரில் யாரும் சந்தேகத்தோடு பார்க்க மாட்டார்கள். மச்சான் உண்மையிலேயே உதவ விரும்பினால், பிரஸ்ஸுக்கும் டைக்கும் போகிற காசை அந்த மண்டபத்தின் முதல் இலக்குப் பெட்டிக்குத் தரட்டும்.

என்றாவது நீங்கள் மெல்பேர்னுக்குப் போனால், அங்கே உள்ள சட்டப்படி, மச்சானின் கழகத்தில் பொறுப்பானவர் பக்கத்தில் நிற்க, தாராளமாக அந்த மேசையில் உட்காருங்கள். முதல் நாள் பிரஸ்ஸைத் தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். எந்தக் கைநூலின் எந்தப் பக்கத்திலிருந்து இந்த அளவு வந்தது, இந்தக் கோது எத்தனையாவது தடவை, நேற்று நிரப்பியதில் எதைத் தள்ளினீர்கள் என்று அவரைக் கேளுங்கள். மூன்றுக்கும் கொப்பியைத் திறந்து பதில் காட்டுகிறவர் என்றால் அவரிடமே கற்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றால், அன்று அவர் நிரப்பியதைச் சுடும்போது பக்கத்தில் நிற்க வேண்டாம்.